கதிர் பிடித்த கை



உன் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. எந்தப் புத்தகம் வாங்குவது, எப்போது விண்ணப்பிப்பது என்று நீ கேட்டதற்கெல்லாம் அன்றைக்கே பதில் போட்டிருக்கலாம். கடைசியில் எழுதியிருந்தாயே, அதுதான் என்னை நிறுத்திவிட்டது. "மறுபடியும் படிக்கணும்னா மில்லுல இருந்ததை எல்லாம் மறந்துட்டுப் புதுசா ஆரம்பிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மறக்க முடியல ஐயா. அப்ப எனக்குப் படிப்பு ஏறாதா?"

யாரம்மா அந்த எல்லாரும்? நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த யோசனையை எங்கே கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் உன்னை நூற்பாலைக்கு வேனில் ஏற்றிப் போனார்கள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்றார்கள். விடுதியிலேயே வைத்து வேலை வாங்கினார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அந்த மூன்று வருஷத்துக்குப் பிறகு வேறு மில்களில் ஆறு வருஷம். இப்போது உனக்கு 23 வயது. அந்த ஒன்பது வருஷத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்றால், வகுப்பில் வந்து உட்காரப்போவது யார்? பதினான்கு வயதில் புத்தகத்தை மூடி வைத்த அந்தப் பிள்ளையா? அவளை இனி எங்கே போய்த் தேடுவது?

வயது வந்தவர் படிக்க வந்தால் அவரைப் பெரிய உடம்புள்ள குழந்தையாக நினைக்கிற வழக்கம் நம்மிடம் வேரோடிக் கிடக்கிறது. நானும் அந்தத் தவறைச் செய்தவன். ஆசிரியர் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கிராமத்து இரவு வகுப்புக்குப் போவேன். ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் மூன்று நாள் வந்தார். "ஆ, ஆடு" என்று படம் காட்டிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். நான்காம் நாள் வரவில்லை. அடுத்த வாரம் சந்தையில் அவரைப் பார்த்தேன். ஒரு கிடாயின் கீழுதட்டை விரலால் விலக்கி, முன்பற்களை வாங்க வந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பால்பல் எது, விழுந்து முளைத்த பல் எது, இரண்டு பல் போட்டால் என்ன வயது, நாலு பல் என்றால் என்ன வயது, அதற்கு என்ன விலை என்று நின்ற இடத்தில் கணக்குச் சொன்னார். இந்த மனிதருக்குத்தான் நான் ஆட்டுப் படம் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குப் பதிலுக்குக் கும்பிடக் கை எழவில்லை.

பிரேசில் நாட்டுப் பாவ்லோ பிரெய்ரேயை நான் படித்தது அதற்கு வெகுகாலம் கழித்து. 1963-இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுத்தறிவு கொடுக்க முயன்றவர் அவர். நெடுங்கணக்கை முதல் எழுத்திலிருந்து ஒப்பிக்கச் சொல்லவில்லை. அந்த மக்களின் வாயில் நாள்தோறும் புழங்குகிற சொற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். 'செங்கல்' என்பது அந்த முறையில் பேர்பெற்ற ஒரு பாடச் சொல். கல் சுமந்தவர்கள் அந்தச் சொல்லை அசை அசையாகப் பிரித்து, அதன் துண்டுகளிலிருந்து வேறு சொற்களைத் தாங்களே கட்டினார்கள். மறு வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது. பிறகு நாட்டைவிட்டே அவர் போக வேண்டியதாயிற்று. அவர் புத்தகத்தைப் படித்து முடித்த இரவு அந்த ஆட்டுக்காரப் பெரியவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். கணக்குதான் பயம் என்று எழுதியிருக்கிறாய். நூல் நூற்கும் ரிங் பிரேமில், இழை பார்க்கும் சைடராக நின்றவள் நீ. நாற்பதாம் நம்பர் ஓடுகிறது, எண்பதாம் நம்பர் ஓடுகிறது என்று பேசிக்கொள்வீர்களே, அந்த நம்பர் என்ன என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? 840 கெஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நூல் கிடைக்கிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பரில் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம், அதாவது 33,600 கெஜம். அரைக் கிலோவுக்கும் குறைவான நூலை நீட்டிப் பிடித்தால் 30 கிலோமீட்டரைத் தாண்டும். எண்பதாம் நம்பரில் அதே ஒரு பவுண்டு 67,200 கெஜம். நம்பர் இரண்டு மடங்கானால் ஒரு கெஜத்தின் எடை பாதியாகிறது. நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்பது உன் விரலுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் இதன் பெயர் எதிர் விகிதம். பத்து ஆள் சுவர் கட்டினால் எத்தனை நாள், இருபது ஆள் கட்டினால் எத்தனை நாள் என்று அங்கே கேட்டிருப்பார்கள். நீ சுவரை விட்டுவிட்டு நூலை நினைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போடு. அறிவியலில் ஈரப்பதம் வரும். மில்லுக்குள் ஏன் அப்படிப் புழுங்கியது என்று நினைத்துப் பார். காற்று காய்ந்தால் இழை அதிகமாக அறும், அதற்காகத்தான் காற்றை ஈரமாகவே வைத்திருந்தார்கள். இனிப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற வரையறை உனக்கு எதற்கு?

தமிழுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள். நன்னூல் தெரியுமல்லவா, 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த இலக்கணம். அதன் பாயிரத்தில் புத்தகத்துக்கு ஏன் நூல் என்று பெயர் வந்தது என்பதற்கு அடுத்தடுத்து இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. இரண்டாவது விளக்கம் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். தச்சர் நூல் பிடித்து மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல, நூல் மனிதரின் மனக்கோணலைத் தீர்க்கும் என்பது அது. வகுப்பில் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்ல வசதியான உவமை. முதல் விளக்கத்தை அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். அதில் சொற்கள்தான் பஞ்சு. செய்யுள் இழை. புலவனின் வாய், நூற்கிற கை. அவன் அறிவு, நூலைச் சுற்றும் கதிர். அந்தப் புலவனே யார் தெரியுமா? நூல் நூற்கிற பெண். ஓர் இலக்கண ஆசிரியர் புலவனுக்கு உவமை தேடிப் போய், அரசனிடமோ முனிவனிடமோ நிற்காமல், கதிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் போய் நின்றிருக்கிறார்.

நம் கல்வி கெட்டதே இந்த இரண்டாவது உவமையை மட்டும் பிடித்துக்கொண்டதால்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். என்னோடு வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. தச்சருக்கு மரம் கோணல், செதுக்கி எறிய வேண்டியது நிறைய. உன்னிடம் பழசை மறந்துவிடு என்கிறவர்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். நூற்கிறவளோ கையில் இருக்கிற பஞ்சை எறிய மாட்டாள். அவள் வேலை தொடங்குவதே அதிலிருந்துதான்.

இன்னும் பின்னால் போனால் பனுவல் என்ற சொல்லே பஞ்சுக்கும் நூலுக்கும் புத்தகத்துக்கும் பொதுவாக நிற்கிறது. புறநானூற்றில் பருத்திப் பெண்டு என்று ஒருத்தி வருகிறாள், இரவில் சின்ன விளக்கொளியில் வேலை செய்கிறவள். நற்றிணையில் கபிலர், மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை சொல்ல, துணையில்லாத பெண்கள் தம் உழைப்பால் நூற்ற மெல்லிய பனுவலைக் காட்டுகிறார். அந்தப் பாட்டைக் கல்லூரியில் படித்தபோது மேகத்தை மட்டும்தான் பார்த்தேன். போன மாசம் நீ நோட்டை வாங்க நீட்டிய கையில், இழை அறுத்து அறுத்து ஆட்காட்டி விரல் ஓரத்தில் விழுந்திருந்த கோட்டைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்கள் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மில்லில் பட்டதெல்லாம் உனக்கு நன்மை என்று சொல்ல வரவில்லை. எதிர் விகிதம் படிப்பதற்காக ஒரு பெண் பிள்ளை எட்டு மணி நேரம் நின்று, வாரம் ஒருமுறை விடுதித் தொலைபேசியில் அம்மாவோடு ரெண்டு நிமிஷம் பேச வேண்டியதில்லை. அது அநியாயம், அப்படித்தான் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அங்கே நடந்ததை எல்லாம் யாரிடமும் சொல்ல வேண்டிய கடமையும் உனக்கு இல்லை. வகுப்பில் யாராவது கிளறிக் கேட்டால் "சொல்ல இஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பு. மறப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு.

இனிக் காரியம். நீ தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப்போகிறாய். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தேர்வு விண்ணப்பத்துக்கு வெகு முன்பே பெயர் பதிய வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு ஒரு வருஷத்தைத் தொலைக்கிறார்கள். தேர்ச்சிக்கு எல்லாப் பாடத்திலும் 35 வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குத் தானாக முழிப்பு வந்துவிடுகிறது என்று வருத்தப்பட்டிருந்தாய். முழிப்பு வந்தால் படு, படி, எதுவானாலும் சரி, மில் சங்கு ஊதப்போவதில்லை.

அப்புறம், உன் அண்ணன் சொன்னானாமே, பத்தும் வேண்டாம் பன்னிரண்டும் வேண்டாம், பணம் கட்டினால் நேராகவே டிகிரி என்று. அந்தப் பேச்சை என் வீட்டுப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று அவனிடம் சொல். 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, அதையொட்டித் தமிழக அரசும் ஆணை போட்டது. பத்து, பன்னிரண்டு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. கஷ்டப்பட்டுச் சேர்த்த காசைக் கட்டி, மூன்று வருஷம் படித்து, வேலை என்று போன இடத்தில் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். குறுக்குவழி காட்டுகிறவன் படிக்கத் துடிக்கிறவரின் அவசரத்தைத்தான் விற்றுக் காசாக்குகிறான். நீ வரிசையில் போ.

முதலில் வேண்டியது உன் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ். டி.சி. வாங்காமலேயே போய்விட்டேன், இனிக் கொடுப்பார்களா என்று கேட்டிருந்தாய். சேர்க்கைப் பதிவேட்டில் உன் பெயர் இருக்கும். பிறந்த தேதி, சேர்ந்த தேதி எல்லாம் அதில் எழுதியிருக்கும். தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போ. யாரையும் எழுதித் தரச் சொல்லாதே, நீயே எழுது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தால் பிழை பார்த்துத் தருகிறேன். படிப்பை இடையில் நிறுத்திய காரணம் எழுத வேண்டிய இடம் வந்தால், எல்லாரும் எழுதுவதுபோல் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிவிடாதே. 'நூற்பாலை வேலைக்கு அனுப்பப்பட்டேன்' என்று எழுது. எந்த வயதில் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் தமிழ் ஐயா