நம் கதையைச் சொல்பவர் யார்?

பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

மனிதன் கதை கேட்டு வளர்பவன். பாட்டி சொன்ன கதை, கூத்தில் பார்த்த கதை, பாடநூலில் படித்த கதை என்று நம் இளமை முழுவதும் கதைகள்தாம். இவற்றோடு, ஒவ்வொருவரும் நாள்தோறும் தமக்குள்ளே சொல்லிக்கொள்ளும் கதை ஒன்றும் உண்டு. அது தம்மைப் பற்றிய கதை. அக்கதைக்கும் நம் உடல்நலம், உள்ளநலம், படிப்பு ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டா? அறிவியல் மாணவன் என்ற முறையில், இக்கேள்விக்குச் சோதனைகள் என்ன விடை தந்திருக்கின்றன என்று தேடிப் படித்தேன். படித்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ச்சி வேறு, கதை வேறு

முதற்பருவத் தேர்வில் கணிதத் தாளில் இருவர் 28 மதிப்பெண் பெறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், "நம் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை; நமக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்கிறார். மற்றவர், "பள்ளியில் தமிழில் படித்தேன், இங்கே பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, பழகச் சில மாதங்கள் ஆகும்" என்கிறார். மதிப்பெண் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் கதை 28-லேயே முடிந்துவிடுகிறது. இரண்டாமவர் கதையில் காரணம் இருக்கிறது, காலம் இருக்கிறது, அடுத்துச் செய்யவேண்டிய வேலையும் இருக்கிறது.

அமெரிக்க உளவியலறிஞர் டான் மக்காடம்ஸ் 1980-களிலிருந்து இதனை ஆராய்ந்து வருபவர். இளமைப் பருவத்தில் மனிதன் தன் நேற்று, இன்று, நாளை ஆகிய மூன்றையும் ஒரே கதையாகக் கோக்கத் தொடங்குகிறான் என்பதும், "நான் யார்" என்ற உணர்வு அக்கதையைச் சார்ந்தே அமைகிறது என்பதும் அவர் கருத்து. அப்படியானால், நாம் இங்கே கழிக்கும் மூன்று ஆண்டுகள் அக்கதையின் முக்கியமான பக்கங்கள் அல்லவா?

மூத்த மாணவர் சொன்ன கதை

1982-இல் திமோத்தி வில்சன், பெட்ரீசியா லின்வில் என்னும் இருவர் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை ஒன்றை வெளியிட்டனர். மதிப்பெண் குறித்துக் கவலைகொண்ட முதலாண்டு மாணவர்களை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். ஒரு பகுதியினருக்கு மட்டும், முதலாண்டில் குறையும் மதிப்பெண் பின்னர் உயர்வது பலருக்கும் வழக்கம் என்ற செய்தியும், மூத்த மாணவர்கள் தம் அனுபவத்தைச் சொல்லும் படக்காட்சியும் தரப்பட்டன. இரண்டாம் ஆண்டு முடிவில், இவற்றைப் பெறாதவர்களில் 25 விழுக்காட்டினர் கல்லூரியை விட்டிருந்தனர். பெற்றவர்களில் விட்டவர் 5 விழுக்காட்டினரே.

அது சிறு குழுவில் நடந்த சோதனை. ஆகவே அது ஒன்றை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. 2014-இல் நிக்கோல் ஸ்டீபன்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, நம்மைப் போன்ற முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்களைப் பற்றியது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னிலையில் மூத்த மாணவர்கள் சுமார் ஒரு மணி நேரம் பேசினர். ஒரு கூட்டத்தில் பொதுவான அறிவுரைகள் மட்டும் பேசப்பட்டன. மற்றொரு கூட்டத்தில், "என் பெற்றோர் கல்லூரிக்குச் சென்றதில்லை, அதனால் எனக்கு இன்ன தொல்லை வந்தது, அதை இன்னவாறு தீர்த்தேன்" என்று தம் குடும்பப் பின்னணியோடு சேர்த்துச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்தைக் கேட்டவர்களிடையே, முதல் தலைமுறை மாணவர்க்கும் பிறர்க்கும் முதலாண்டு மதிப்பெண்ணில் இருந்த இடைவெளி 63 விழுக்காடு குறைந்தது.

இது எப்படி நிகழ்ந்தது? கதை கேட்டவர்கள் ஆசிரியரை அணுகி ஐயம் கேட்பது போன்ற வழிகளை மிகுதியாக நாடினர். தொல்லை தன் ஒருவனுக்கே உரியது என்று எண்ணுபவன் அதை மறைப்பான். பலர் கடந்துவந்த தொல்லை என்று அறிந்தவன் ஆசிரியர் அறைக்குள் நுழையத் தயங்கமாட்டான்.

எழுத்தும் உடல்நலமும்

கதையைப் பிறரிடம் சொல்லத்தான் வேண்டுமா? தாளில் எழுதினாலும் பயன் உண்டு என்கிறது ஜேம்ஸ் பென்னிபேக்கர் தம் மாணவி சாண்ட்ரா பீல் உடன் 1986-இல் வெளியிட்ட சோதனை. கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினர். தம் வாழ்வின் பெருந்துயரை, நடந்ததையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்திற்கு நோயுற்றுச் சென்றது குறைவு. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் சற்றுக் கனத்தே இருந்தது. மருந்து கசப்பது போன்றது அது.

1997-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. "ஏனெனில்", "காரணம்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் நாளுக்கு நாள் மிகுந்தவர்களே அதிகப் பயன் அடைந்தனர். துயரைத் திரும்பத் திரும்பப் புலம்புவதைவிட, காரணம் கண்டு கோவையாக்குவதே நலம் தருகிறது எனலாம்.

கதைக்கும் எல்லை உண்டு

2006-இல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எழுத்தின் பயன் உண்மையானது, ஆயினும் சராசரியாகச் சிறியது என்று தெரியவந்தது. இதை நாம் மறக்கலாகாது. கதையை மாற்றினால் காலைப் பேருந்து முன்னதாக வந்துவிடாது; தேர்வுக் கட்டணம் குறைந்துவிடாது; பசி ஆறிவிடாது. இவற்றை மறைத்துவிட்டு, "எல்லாம் உன் மனத்தில்தான் இருக்கிறது" என்று ஏழை மாணவனிடம் சொல்வது பொய்க் கதையாகும். நல்ல கதை உண்மையைக் கூறும். "வறுமை ஒரு காரணம், என் அறிவுக் குறை அன்று" என்று பிரித்துக் காட்டும். உறக்கமின்மையும் வாழ்வில் வெறுப்பும் தொடர்ந்தால், எழுத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரை நாடவேண்டும். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

நாம் செய்யக்கூடியது

முதலாண்டில் எங்களோடு அமர்ந்திருந்த நால்வரின் பெயர்கள் இன்று வருகைப் பதிவேட்டில் இல்லை. ஒருவர் நூற்பாலையில் இருக்கிறார். மற்றவர்களைப் பற்றிச் செய்தி இல்லை. அவர்களில் எவரும் அறிவில் குறைந்தவர் அல்லர்.

மேலே கண்ட சோதனைக்குத் தேவைப்பட்டவை ஒரு வகுப்பறை, ஒரு மணி நேரம், உண்மை பேசும் சில மூத்த மாணவர்கள். இம்மூன்றும் நம் கல்லூரியில் உண்டு. வரும் கல்வியாண்டின் முதல் மாதத்தில், ஒவ்வொரு துறையிலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலர் புதியவர்களோடு அமர்ந்து, நிலுவைத் தாளை எப்படி எழுதித் தேறினோம், ஆங்கிலப் பாடநூலை எப்படிப் படித்தோம், உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பித்தோம் என்று சொல்ல வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களே! 28 என்பது ஓர் எண். அதற்குப் பின் எழுத வேண்டிய வரி நம் கையில் இருக்கிறது. அதை நாம் எழுதுவோம். எழுதத் தயங்கும் தம்பி தங்கையர்க்குத் துணை நிற்போம்.