மெத்தனால்: கண்ணைப் பறிக்கும் திரவம்!

பார்த்தால் தண்ணீர் மாதிரி தெளிவு. முகர்ந்தால் சாராய வாடை. இதுதான் மெத்தனால். பெயின்ட், வார்னிஷ், தின்னர் வகைகளில் சேரும் கரைப்பான்.

மேல்மலையனூர் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைப் பறித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலி!

உடம்புக்குள் என்ன நடக்கிறது? கல்லீரல் இதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். 10 மில்லிகூட கண்ணைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

அதனால்தான் தமிழ்நாட்டில் 1959-ஆம் வருடத்து விதிகள் மெத்தனாலுக்கு லைசென்ஸ் கேட்கின்றன. கள்ளச் சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனைவரை கொடுக்க, 2024-ல் மதுவிலக்குச் சட்டமும் திருத்தப்பட்டது.

பெயின்ட், பாலீஷ் வேலை செய்பவர்களே! மெத்தனால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தின்னரால் கை கழுவாதீர்கள். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும்.

குடித்த உடனே பெரிசா ஒண்ணும் தெரியாது. வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் வர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று இருந்துவிடாதீர்கள். போலீசுக்குப் பயந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் மாற்று மருந்தும் உண்டு, டயாலிசிஸும் உண்டு. சந்தேகம் வந்த நிமிஷமே 108-ஐ அழையுங்கள்.