கடிதப் பெட்டிக்கு வர்ணம் பூசுவோம்

நம்ம பல தோட்டங்களில் கடிதங்கள் எல்லாம் ஆபீசுக்குத்தான் கட்டாக வருகின்றன. ஒரே லயத்தில் ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் யாருடையது என்று தெரியாமல் மேசையிலேயே கிடக்கும். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்ட கடிதம், நாள் போன பிறகு கைக்கு வந்தால் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? அதனால்தான் வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டியில் பேரும் இலக்கமும் வேண்டும் என்கிறோம். பெரிய பிஸ்கட் தகரம் போதும். பக்கத்தில் வாய் வெட்டி, இறவாரத்துக்குக் கீழே மாட்டுங்கள்.

டவுன் கராஜில் முச்சக்கர வண்டிக்குப் பூப் போடுகிறார்களே, அது ஏர் பிரஷ் வேலை. பேனா மாதிரி சின்னக் கருவி. கொம்பிரசர் காற்று பெயின்டைப் புகையாகத் தூவும். நமக்கு அது தேவையில்லை. ஒரு ஸ்ப்ரே டின் போதும். அதுவும் இல்லையா, பழைய பல் பிரஷை பெயின்டில் தொட்டு, குச்சியால் மயிரை நம்ம பக்கம் இழுத்து விட்டால் பொடித்துளியாக முன்னால் தெறிக்கும்.

முதலில் தகரத்தைச் சவர்க்காரம் போட்டு எண்ணெய் போகக் கழுவி, சேண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும். வழவழப்பான தகரத்தில் பெயின்ட் பிடிக்காது, உரியும். துருத் தடுப்புப் பூச்சு ஒன்று பூசி, ஒரு நாள் காய விட்டு, அப்புறம் அடி நிறம். டின்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் அசைத்து அடியுங்கள். மெல்லிசாக மூன்று தடவை. ஒரேயடியாக அடித்தால் ஒழுகும்.

இலக்கத்துக்குப் பழைய எக்ஸ்ரே படத்தில் அச்சு வெட்டலாம். 2 அங்குல உயரமாவது இருக்கட்டும். 0, 6, 8, 9 வெட்டும்போது நடுத்துண்டு கழன்று விழும், சின்னப் பாலம் விட்டு வெட்டுங்கள். அழகுக்கு, பறித்த கொழுந்தையே தகரத்தில் அழுத்தி வைத்துச் சுற்றிக் கரும்பச்சை தூவுங்கள். எடுத்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் அப்படியே நிற்கும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் பூ வேலை இலக்கத்தை மறைக்கக்கூடாது.

பனியில் பூசாதீங்க, பெயின்ட் வெளுத்துப் போகும். வெயில் ஏறி, தகரம் நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். காம்பராவுக்குள்ளே வேண்டாம், வாசம் தலைக்கேறும். அடுப்புப் பக்கமும் ஆகாது. வெறும் ஸ்ப்ரே டின்னை அடுப்பில் போட்டால் வெடிக்கும்.

பூசுவதற்கு முன் உங்க வீட்டு இலக்கத்தை ஆபீஸ் பதிவில் சரி பாருங்கள். வெட்டிய இலக்க அச்சு ஒரு செட் எங்களிடம் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் வாங்கிப் போய், திங்கட்கிழமை திருப்பிக் கொடுங்கள்.