சுமை நீங்கிய பின்னும் தொடரும் போர்: ‘இரட்சணிய யாத்திரிக’ மூலக்கதையில் பாவம்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ கதையைத் தழுவியது அது. கிருஷ்ணபிள்ளை ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றப்படுவதால் காப்பிய நடையே மிகுதியும் பேசப்படுகிறது. இக்கட்டுரை மூலக்கதையின் நிகழ்ச்சி வைப்புமுறை ஒன்றை மட்டும் ஆராய்கிறது.

யாத்திரிகனின் முதுகுச்சுமை சிலுவையின் முன் தானே கழன்று, உருண்டு, கல்லறைக்குள் மறைகிறது. வினை அற்றால் பிறவி அறும் என்னும் மரபில் பழகிய தமிழ் வாசகர் இதனை வீடுபேறாகவே கொள்ளக்கூடும். ஆனால் இது பயணத்தின் முற்பகுதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அப்பொல்லியோனோடு நடக்கும் வாட்போர், மாயச் சந்தை, ஐயக்கோட்டைச் சிறை யாவும் இதற்குப் பிற்பட்டவை.

பனியன் சார்ந்த சீர்திருத்தச் சபை இறையியல் பாவத்தின் பழியையும் அதன் ஆற்றலையும் பிரித்துக் காண்கிறது. பழி ஒருமுறை நீங்கும். ஆற்றலோ சாகும்வரை எதிர்த்து நிற்கும். ‘பாவம்’ என்னும் ஒரே சொல் இரண்டையும் குறிப்பதால் தமிழில் இவ்வேறுபாடு எளிதில் மறைகிறது. முன்னதைச் ‘சுமை’ எனவும் பின்னதை ‘உட்பகை’ எனவும் வழங்கலாம் என்பது கட்டுரையாளர் கருத்து. குறளின் ‘உட்பகை’ அதிகாரம் (89) அரசியல் சார்ந்ததே. ஆயினும் உள்ளிருந்தே கெடுக்கும் பகை என்னும் பொருள் இங்கும் இயையும்.

உரோமர் நிருபம் 7ஆம் அதிகாரத்தில் பவுல் 13ஆம் வசனம்வரை இறந்தகாலத்தில் பேசி, 14 முதல் நிகழ்காலத்திற்கு மாறுகிறார். நன்மையை விரும்பியும் செய்ய இயலாத அந்த ‘நான்’ யார்? அருள் பெறாதவன் என்றே அகுஸ்தீன் முதலில் கருதினார். பின்னர் அருள் பெற்றவனையும் அது குறிக்கும் எனத் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பனியனின் வைப்புமுறை இப்பிற்கால விளக்கத்தோடு ஒத்துச் செல்கிறது.

சைவ சித்தாந்தத்தில் இதற்கு நெருங்கிய இடம் சிவஞானபோதத்தின் 12ஆம் நூற்பா. இறைவனை அணைந்தோரும் மலம் கழுவ வேண்டும் என்கிறது அது. எனினும் ஆணவமலம் அநாதி; பாவமோ கீழ்ப்படியாமையால் புகுந்தது. ஆகவே இவ்வொப்புமையை அருள் பெற்ற பின்னும் முயற்சி தொடர்கிறது என்ற அளவில் நிறுத்துதல் தகும்.

ஐயக்கோட்டை நிகழ்ச்சி தனித்து நோக்கத்தக்கது. சுமை நீங்கியவன்தான் எளிய வழியை நாடிப் பாதை பிறழ்ந்து, அவநம்பிக்கை அரக்கனிடம் சிக்குகிறான். புதன் காலை முதல் சனி இரவு வரை சிறையில் கிடக்கிறான். தற்கொலை செய்யுமாறு அரக்கன் தூண்டுகிறான். பழைய சுமை மீண்டும் முதுகில் ஏறியதாகப் பனியன் எங்கும் கூறவில்லை. சிறைக்கதவைத் திறந்த ‘வாக்குத்தத்தம்’ என்னும் திறவுகோல் அந்நாள்கள் முழுவதும் அவன் மார்பிலேயே இருந்தது.