ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா?
போச்சம்பள்ளி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்து, ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்குபவர்கள் கவனிக்க: ராத்திரியில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிச் சின்னப் பொரிகள் இருந்தால் அது சொறிசிரங்காக இருக்கலாம். தோலைக் குடைந்து முட்டையிடும் நுண்பூச்சிதான் காரணம். வெட்கப்பட ஒன்றுமில்லை, டாக்டரிடம் காட்டுங்கள்.

வழக்கமாக 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் தருவார்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கும் விடாமல் ராத்திரி தடவி, 8 மணி நேரமாவது விட்டுக் குளியுங்கள். 7 நாள் கழித்து இன்னொரு முறை. அரிப்பே இல்லாத அறைத்தோழரும் அதே நாளில் தடவியாக வேண்டும். ஒருவர் விட்டாலும் திரும்ப வரும். போர்வை, துணிகளை வெந்நீரில் துவையுங்கள்.

பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். அதற்காகக் கடையில் ஸ்டீராய்டு கலந்த டியூப் கேட்டு வாங்காதீர்கள்.