அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதுவது?

சென்னையில் பி.டி.எஸ். முடித்து, கணவரின் வேலையை ஒட்டி அமெரிக்கா வந்து சேரும் பெண்கள் ஏராளம். நானும் அப்படி வந்தவள்தான். இங்கே பெரும்பாலான மாநிலங்களில் நம் ஊர்ப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பல்லைக்கூடப் பிடுங்க முடியாது. ஐ.என்.பி.டி.இ. தேர்வில் தேறி, 'கேபிட்' என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, மறுபடி இரண்டு மூன்று வருடம் படித்து டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. வாங்கினால்தான் உரிமத்துக்கு வழி பிறக்கும்.

தேர்வு, டோஃபல், மார்க் ஷீட் மதிப்பீடு இவற்றையெல்லாம் எப்படியோ முடித்துவிடுகிறார்கள். பர்சனல் ஸ்டேட்மென்ட் என்ற ஒரு பக்கக் கட்டுரையில் வந்து திணறுகிறார்கள். எனக்கு ஜூனியர்களாக இருந்தவர்கள் அனுப்பும் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்வது சில வருடங்களாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஐ.என்.பி.டி.இ.யில் தேறியவர்களுக்கு மதிப்பெண் தருவதில்லை. தேறினாயா இல்லையா, அவ்வளவுதான். தேறிய கூட்டத்திலிருந்து உங்களைத் தனியே பிரித்துக் காட்ட இருப்பவற்றில் இந்தப் பக்கமும் ஒன்று.

வருகிற வரைவுகளில் பலவற்றில் பத்தாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரையின் வாசம் அப்படியே அடிக்கும். முன்னுரைக்கு ஒரு பொன்மொழி. அடுத்து, சின்ன வயதில் பல்வலி வந்து பக்கத்துத் தெரு டாக்டர் குணமாக்கிய கதை. அன்றே பிறந்ததாம் தணியாத தாகம். பிறகு வாங்கிய பரிசுகள், போன மாநாடுகள். முடிவுரையில், உலகத்தரம் வாய்ந்த தங்கள் கல்லூரியில் ஓர் இடம். பரிசும் மாநாடும் விண்ணப்பத்தின் வேறு பகுதியில் ஏற்கெனவே இருக்கின்றன. படிப்பவர் அதே பட்டியலை இன்னொரு தடவை ஏன் படிக்க வேண்டும்?

என் கட்டுரையில் பாதிக்கு மேல் ஒரே ஒரு நோயாளியைப் பற்றித்தான். ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் பார்த்த சுமை தூக்கும் தொழிலாளி. வருடக்கணக்காக மாவா என்ற பாக்குக் கலவை போட்டதில், ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகிப்போகும் நோய். நம் ஓ.பி.யில் அடிக்கடி பார்ப்பது, அமெரிக்காவில் அபூர்வம்.

அவர் வந்ததென்னவோ கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள. கருவி நுழையவே இடமில்லை. பேராசிரியர் சொன்னபடி, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே வைத்து வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் பயிற்சியை நான் சொல்லிக்கொடுத்தேன். ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக்கட்டு அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். வரும்போதெல்லாம் முன்பற்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் குறித்துக்கொள்வேன். ஒருமுறை அளவு கூடவேயில்லை. மாவாவை எப்போது போடுகிறார் என்று கேட்டேன். இராத்திரி லோடு இறக்கும்போது தூக்கம் வராமலிருக்கப் போடுகிறாராம். 'புற்றுநோய் வரும்' என்று அதுவரை சொல்லிவந்த அறிவுரையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த இராத்திரி நேரத்துக்கு வேறு என்ன மெல்லலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். வறுத்த கடலை என்று முடிவானது. வாய் திறக்கும் அளவு அதற்குப் பிறகுதான் மெல்ல ஏறியது.

கட்டுரையில் இவ்வளவுதான் எழுதினேன். இரக்கம், அர்ப்பணிப்பு, சேவை மனப்பான்மை என்ற சொற்கள் எங்கும் இல்லை. நேர்காணலில் வந்த முதல் கேள்வியே, "அதே நோயாளி இன்று வந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்?" என்பதுதான். வேலை நேரத்தை முதல் நாளே கேட்பேன் என்றேன். பேச்சு அங்கிருந்து வளர்ந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்து பேச உங்களிடம் சரக்கு இருக்கும் விஷயத்தை மட்டும் எழுதுங்கள்.

இதை ஒரு ஜூனியரிடம் சொன்னபோது, "அக்கா, இதெல்லாம் நாம தினமும் பண்றதுதானே, எழுதினா சிரிக்க மாட்டாங்களா?" என்றாள். அவள் வரைவில் 'முழுப் பல்செட்டுகள் பல செய்திருக்கிறேன்' என்று ஒரு வரி இருந்தது.

"அதுல யாராவது ஒருத்தரைச் சொல்லு."

"ஒரு பாட்டி. முறுக்கு கடிக்க முடியலன்னு சண்டைக்கு வந்தாங்க."

"நீ என்ன பண்ணின?"

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. கார்பன் தாளைக் கடிக்கச் சொல்லி எந்த இடம் உயரமாக இருக்கிறது என்று பார்த்துத் தேய்த்தது, ஒரே பக்கமாக மெல்லாமல் இரண்டு பக்கமும் மெல்லப் பழக்கியது, இட்லியில் ஆரம்பித்து முறுக்குக்கு வாரக்கணக்கில் போனது. "இதை எழுது" என்றேன்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பழக்கம்: 'நான்' என்று எழுதக் கூச்சம். எல்லாம் 'செய்யப்பட்டது', இல்லையென்றால் 'நாங்கள் செய்தோம்'. பேராசிரியர் செய்தது எது, நீங்கள் செய்தது எது என்று பிரித்து எழுதுவது தற்பெருமை ஆகாது. உங்கள் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? பல்லுக்கு எண் போடும்போதும் கவனம். நாம் 46 என்று எழுதுவது இங்கே 30. எண்ணே வேண்டாம், கீழ் வலது முதல் கடைவாய்ப் பல் என்று எழுதிவிடுங்கள்.

ஏன் அமெரிக்கா என்ற கேள்விக்கு, இந்தியாவில் வசதி இல்லை, சுத்தம் இல்லை என்று அடுக்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உங்களை உருவாக்கிய ஊரைத் தாழ்த்தி இங்கே மதிப்பு வாங்க முடியாது. குடும்பம் இங்கே இருக்கிறது, தொழிலைத் தொடர இந்தப் பட்டம் தேவை என்று ஒரே வரியில் உண்மையைச் சொன்னால் போதும். கல்யாணம், குழந்தை என்று விட்டுப்போன வருடங்களுக்கும் அப்படித்தான். இரண்டு வரி, மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அந்த இடைவெளியில் டென்டல் அசிஸ்டென்டாக வேலை பார்த்திருந்தால், இலவச கிளினிக்கில் தன்னார்வலராக நின்றிருந்தால், அங்கே புதிதாகப் பார்த்தது என்ன என்று எழுதுங்கள்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் வழி வேறு. என் அக்கா மகள் 'ஆட்சாஸ்' என்ற பொது விண்ணப்பத் தளத்தில் விண்ணப்பித்தாள். கட்டுரைக்கு இடைவெளிகளையும் சேர்த்து 4,500 எழுத்துகள், அதற்கு மேல் தளம் ஏற்காது. ஒரே கட்டுரை எல்லாக் கல்லூரிகளுக்கும் போகும் என்பதால் எந்தக் கல்லூரியின் பெயரையும் குறிப்பிடக் கூடாது. அவளுக்கு நோயாளி அனுபவம் ஏது? டாக்டர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததுதான். ஊசிக்குப் பயந்த சிறுவனிடம் டாக்டர் எந்த வரிசையில் என்னென்ன சொன்னார் என்று அவள் கவனித்ததை எழுதச் சொன்னேன். நன்றாகவே வந்தது.

பணம் வாங்கிக்கொண்டு எழுதித்தரும் கன்சல்டன்சிகளும் உண்டு, சாட்ஜிபிடியும் உண்டு. இலக்கணம் பார்க்க யாரையும் கேளுங்கள். ஆனால், இது என் சொந்த எழுத்து என்று விண்ணப்பத்தில் உறுதி கொடுக்கிறோம். குச்சிக்கட்டும் முறுக்கும் எந்தக் கன்சல்டன்சிக்கும் தெரியாது.

அனுப்பிய பிறகு இந்தக் கட்டுரையைத் திருத்த முடியாது. அதனால், பல் மருத்துவம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியைச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.