ஊராண்மை கற்பித்த பள்ளி

கெடிலமும் தென்பெண்ணையும் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த நகரம் கடலூர். ஆறுகளும் கடலும் அந்நகருக்கு அழகு தருவன. சில ஆண்டுகளில் அவையே பேரச்சமும் தருவன. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கடலோர ஊர்களில் புகுந்து உயிர்களைக் கொண்டு சென்றது. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் ‘தானே’ புயல் முந்திரித் தோப்புகளையும் பலாமரங்களையும் வேரோடு சாய்த்தது. 2015-ஆம் ஆண்டுப் பெருமழையில் மாவட்டத்தின் பல ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது.

அத்தகைய நாளில் ஊர் ஓர் இளைஞனிடம் எதிர்பார்ப்பது யாது? அவன் தேர்வில் பெற்ற எண்களை அப்போது எவரும் கேட்பதில்லை. ‘நீந்தத் தெரியுமா? படகு செலுத்தத் தெரியுமா? முதியவர் ஒருவரைத் தோளில் சுமந்து வர இயலுமா?’ என்றே கேட்பர். உடலில் வலிமை வேண்டும். நெஞ்சில் துணிவு வேண்டும். அவ்விரண்டையும் பிறர்க்காகச் செலவிடும் மனமும் வேண்டும். இம்மூன்றையும் பள்ளியில் கற்பிக்க இயலுமா? இயலும் என்று காட்டிய பள்ளி ஒன்று நம் நாட்டின் வடகோடியில், காசுமீரத்தின் தலைநகராகிய சிறீநகரில் இருக்கிறது. அதன் வரலாற்றை இங்குக் காண்போம்.

சிறீநகரின் நடுவே சீலம் ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. அருகே தால் ஏரி பரந்து கிடக்கிறது. அந்நகரில் 1880-ஆம் ஆண்டு கிறித்தவத் தொண்டர்கள் ஒரு பள்ளியைத் தொடங்கினர். பத்து ஆண்டுகள் கழிந்தபின், 1890-இல், சிசில் ஏர்ல் டிண்டேல் பிஸ்கோ என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் அங்கு ஆசிரியராக வந்தார். அவர் உயரத்தில் சிறியவர், ஊக்கத்தில் பெரியவர். கேம்பிரிட்ஜில் கற்ற காலத்தில், 1884-ஆம் ஆண்டு ஆக்சுபோர்டுடன் நடந்த புகழ்பெற்ற படகுப் போட்டியில், வென்ற படகின் சுக்கானைப் பிடித்தவர் அவரே.

வகுப்பறையில் அவர் கண்ட காட்சி அவரைத் திகைக்கச் செய்தது. மாணவர்கள் ‘பெரன்’ என்னும் நீண்ட அங்கியணிந்து, குளிர் காய்வதற்காகக் ‘காங்கிரி’ என்னும் நெருப்புச் சட்டியை அதனுள் வைத்துக்கொண்டு அசையாது அமர்ந்திருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பண்டிதர் வகுப்பைச் சேர்ந்தோர். பாடங்களை மனப்பாடம் செய்வதில் அவர்கள் வல்லவர்கள். ஆயினும் ஓடுவதையும் துடுப்புப் போடுவதையும் இழிவாக எண்ணினர். துடுப்பு வலிப்பது படகோட்டியின் தொழில். உழைத்து முறுக்கேறிய உடல் கூலிக்காரனுக்கு உரியது. கற்றவன் கை மென்மையாக இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து காசுமீரத்தில் மட்டும் இருந்ததென்று நாம் எண்ணிவிடலாகாது. நம் ஊர்களிலும் அது நெடுங்காலம் குடியிருந்ததன்றோ?

1891-ஆம் ஆண்டு பிஸ்கோ பள்ளிக்குக் கால்பந்து ஒன்றைக் கொண்டுவந்தார். அது தோலால் ஆனது என்று அறிந்ததும் மாணவர்கள் அதைத் தொட மறுத்துவிட்டனர். தோலைத் தீண்டினால் தீட்டு என்பது அவர்கள் வழக்கம். பிஸ்கோ விடவில்லை. மாணவர்களை மைதானத்திற்கு அழைத்துச் சென்று, ஆசிரியர்களைக் கோல்களுடன் சுற்றிலும் நிறுத்தி, ஆடியே தீரவேண்டும் என்றார். நீண்ட அங்கி காலைத் தடுக்க, வேண்டா வெறுப்பாக ஆட்டம் தொடங்கியது. சற்று நேரத்தில் பறந்து வந்த பந்து ஒரு மாணவனின் முகத்தில் மோதியது. ‘தீட்டுப்பட்டது!’ என்ற கூக்குரல் எழுந்தது. அவன் அழுதான், ஆட்டம் நின்றது. பிஸ்கோவோ, ‘அருகில் கால்வாய் இருக்கிறது, அவனை அழைத்துச் சென்று கழுவி வாருங்கள்’ என்றார். அவன் கழுவிக்கொண்டு திரும்பினான், ஆட்டம் தொடர்ந்தது. பின்னர் அந்நகரில் கால்பந்து அனைவர்க்கும் விருப்பமான விளையாட்டாயிற்று.

கோல் கொண்டு வற்புறுத்திய அம்முறையை இன்று நாம் ஏற்பதற்கில்லை. காசுமீர மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள் ஆளும் இனத்தாரின் செருக்கும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. குறையைக் குறையென்று கூறுதலே நேர்மை. எனினும், அப்பள்ளியின் விளையாட்டு எங்குச் சென்று முடிந்தது என்பதை நோக்கும்போதுதான் அதன் பெருமை விளங்கும்.

கால்பந்தை அடுத்து நீச்சலும் படகோட்டமும் வந்தன. ஆறும் ஏரியும் சூழ்ந்த நகரில் வாழ்வோர் நீந்தத் தெரியாமல் உயிரிழப்பது பிஸ்கோவுக்குப் பெருங்குறையாகத் தோன்றியது. ஆகவே, குறித்த வயதிற்குள் நீந்தக் கற்காத மாணவன் கூடுதலான கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதி வகுத்தார். விரைவிலேயே மாணவர்கள் தால் ஏரியைக் குறுக்கே நீந்திக் கடந்தனர். அலை மிகுந்த ஊலர் ஏரியையும் கடந்தனர். தேர்ச்சி அளிக்கும்போது அறிவுக்கு மட்டுமன்றி, உடல் திறத்திற்கும் நன்னடத்தைக்கும் எண்கள் வழங்கப்பட்டன. புத்தகத்தில் முதல்வனாக இருந்தும் பிறர்க்கு உதவாதவன் அப்பள்ளியில் முதல்வனாக முடியாது.

1893-ஆம் ஆண்டு சீலம் ஆறு பெருக்கெடுத்துச் சிறீநகரை மூழ்கடித்தது. அப்போது அப்பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் படகுகளில் ஏறிச் சென்று, வெள்ளத்தில் சிக்கியோரை மீட்டனர். 1903-ஆம் ஆண்டு மீண்டும் பெருவெள்ளம் வந்தபோதும் அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளுக்கு முன்பு எந்தத் துடுப்பைத் தொடுவது இழிவென்று கருதப்பட்டதோ, அந்தத் துடுப்பே உயிர் காக்கும் கருவியாயிற்று. படகில் ஏற்றப்பட்டவர் எக்குலத்தினர், எச்சமயத்தினர் என்று அங்கு எவரும் கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின்னும் அவர்கள் பணி ஓயவில்லை. வாந்திபேதி நோய் பரவிய காலத்தில், மண்வெட்டியும் கூடையும் ஏந்தி நகரின் சந்துகளைத் தூய்மை செய்தனர். தீப்பிடித்த வீடுகளுக்கு நீர்ப்பொறியுடன் விரைந்தனர். மருத்துவமனையில் நெடுநாள் கிடந்த நோயாளிகளைப் படகில் ஏற்றி, ஏரிக்காற்று வாங்க அழைத்துச் சென்றனர். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்ட கழுதைகளுக்காகவும் பரிந்து நின்றனர். நீரில் மூழ்கியவர்களை மாணவர்கள் காப்பாற்றிய செய்திகள் பள்ளியின் ஆண்டறிக்கைகளில் வெற்றிக் கோப்பைகளினும் உயர்ந்த இடம் பெற்றன.

அப்பள்ளியின் சின்னம் இவை யாவற்றையும் ஒருங்கே உணர்த்துகிறது. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைக்கப்பட்ட இரு துடுப்புகளே அச்சின்னம். துடுப்பு உழைப்பையும் வலிமையையும் குறிக்கும். அதன் அலகு இதய வடிவில் அமைந்தது. அஃது அன்பைக் குறிக்கும். குறுக்காக அமைந்தது தன்னலம் துறத்தலைக் குறிக்கும். அன்பில்லா வலிமை பிறரை வருத்தும்; வலிமையில்லா அன்பு கரையில் நின்று கண்ணீர் மட்டுமே சிந்தும். இரண்டும் இணைந்தால்தான் படகு நகரும்.

பிஸ்கோ ஐம்பத்தேழு ஆண்டுகள் காசுமீரத்தில் பணியாற்றி, 1947-இல் அந்நாட்டை விட்டுச் சென்றார். 1949-இல் ஆப்பிரிக்காவில் காலமானார். அவர் பெயரைத் தாங்கி அப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. எனினும் அதன் பெருமை அவர் ஒருவருக்கே உரியதன்று. சுற்றத்தாரின் ஏளனத்தைப் பொருட்படுத்தாது, தாமே முதலில் துடுப்பைக் கையிலெடுத்து மாணவர்க்கு வழிகாட்டிய காசுமீர ஆசிரியர்களுக்கும், அவர்களைப் பின்பற்றிய சிறுவர்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. திருவள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், அஞ்சா வீரத்தைப் பேராண்மை என்கிறார். பகைவனே ஆயினும், அவனுக்குத் துன்பம் நேர்ந்தபோது உதவுவதை ஊராண்மை என்கிறார். அவ்வூராண்மையே வீரத்தின் கூர்முனை என்பது அவர் கருத்து. முனை மழுங்கிய வேல் எவ்வளவு கனத்ததாயினும் பயன் என்ன?

நம் பள்ளிகளிலும் மைதானங்கள் உள்ளன. மாலையில் அங்குச் சடுகுடு ஆடுகிறோம்; பந்து உதைக்கிறோம்; ஓடுகிறோம். பரிசு பெறுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் மைதானத்தில் நாம் சேர்க்கும் வலிமைக்கு உண்மையான தேர்வு பரிசளிப்பு விழாவில் நடைபெறுவதில்லை. ஆறு கரையை மீறும் நாளில், அண்டை வீட்டார் கைநீட்டி அழைக்கும் வேளையில் அது நடைபெறும். அத்தேர்விற்கு முன்னறிவிப்பு இல்லை. ஆதலின், இன்றே உடலை உரமாக்குவோம், நீந்தக் கற்போம், அவ்வுரத்தை ஊருக்கு உரியதாக்குவோம்.